பாக்கறது, யோசிக்கறது, கையால ஒன்னு செய்யறது: அன்றாட தஃபக்குருக்கு ஒரு வழி

தஃபக்குர்னா அல்லாஹ்வோட படைப்ப பாத்து சிந்திக்கறது. அதுன்னாலே மலை உச்சியில தனியா உக்காந்து கண்ண மூடிட்டு இருக்கற விஷயம்னு நம்மள்ல நெறய பேரு நெனச்சிட்டு இருக்கோம், அதெல்லாம் பெரிய அவ்லியாக்களுக்கும் ஆலிம்ஷாக்களுக்கும் உள்ளது, நமக்கு அஞ்சு வக்து தொழுகைய நேரத்துக்கு புடிக்கறதே பெரும்பாடா இருக்குன்னு அப்படியே விட்டுடறோம். ஆனா குர்ஆன்ல ஆல இம்ரான் சூரால (அத்தியாயத்துல) 190, 191 ஆயத்துங்கள (வசனங்கள) எடுத்து நிதானமா படிச்சு பாருங்க. நின்னுகிட்டும் உக்காந்துகிட்டும் படுத்துகிட்டும் அல்லாஹ்வ நெனக்கிறவங்க, வானம் பூமியோட படைப்ப பத்தி சிந்திக்கிறவங்கன்னு வருது. நிக்கறது, உக்கார்றது, படுக்கறது, இத விட்டா மனுஷனுக்கு வேற என்ன நெலம இருக்கு? பஸ்ஸுக்கு நிக்கறப்பவும் செய்யலாம், கடையில உக்காந்திருக்கறப்பவும் செய்யலாம், தூக்கம் வராம பொரண்டுகிட்டு கெடக்கறப்பவும் செய்யலாம்.

நான் சொல்ற ஏற்பாடு ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு வக்து தொழுகையோடவும் ஒரு பார்வைய கட்டி விடுங்க, அந்த பார்வைக்கு பின்னாடியே கையால செய்யற ஒரு சின்ன காரியத்தையும் கட்டி விடுங்க. இந்த ரெண்டாவதுதான் முக்கியம். சூரியன் உதிக்கறத போட்டோ எடுத்து சுப்ஹானல்லாஹ்னு ஸ்டேட்டஸ் வச்சிட்டு, கீழ எறங்கி வந்து பக்கத்து வீட்டு வாசல மறைச்சு பைக்க நிறுத்துறோம்னா அந்த சுப்ஹானல்லாஹ் தொண்டைக்கு கீழ எறங்கல. பாத்த பார்வை நம்ம நடத்தையில எங்கயாவது போய் நிக்கணும், அப்பதான் அது இபாதத், வணக்கம்.

சுபுஹு, அதாவது விடியக்கால தொழுகையில ஆரம்பிங்க. பாங்குக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி எந்திரிச்சு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வந்து வெறுமனே வானத்த பாருங்க, போன எடுக்காதீங்க. நம்ம நபி ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்க ராத்திரி கடைசி பகுதியில எந்திரிச்சு உக்காந்து, வானத்த பாத்து, இதே ஆல இம்ரான் ஆயத்துங்கள ஓதுனாங்கன்னு நபித்தோழர் இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு சொல்றாங்க, தன்னோட காலாவும் (உம்மாவோட சகோதரி) நபியோட மனைவியுமான மைமூனா ரலியல்லாஹு அன்ஹா வீட்டுல தங்கியிருந்தப்ப நேர்ல பாத்தது அது, புகாரி ஹதீஸ் கிதாபுல இருக்கு. அப்ப வானத்த பாத்துட்டு ஓதறதும் சுன்னத்து, நபி வழிதானே. அந்த நேரத்துல உங்க தெருவுல ஒரு கரண்ட் கம்பியோ மரக்கிளையோ இருந்தா காது குடுத்து கேளுங்க, அனேகமா மொதல்ல சத்தம் குடுக்கறது கரிச்சான் குருவியாத்தான் இருக்கும், ரெட்டவால் குருவின்னு சொல்லுவாங்களே அதுதான். காக்கா மைனா எல்லாம் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே, இருட்டு கலையாத நேரத்துல, அது கம்பியில உக்காந்துகிட்டு திரும்பத் திரும்ப விசில் மாதிரி கூப்பிடும். றெக்கைய விரிச்ச பறவைங்க உள்பட எல்லாமே அல்லாஹ்வ துதிக்குது, ஒவ்வொன்னும் தன்னோட தொழுகையையும் தஸ்பீஹையும் அறிஞ்சிருக்குன்னு அந்நூர் சூரா 41ல வருது, இந்த ஆயத்த தெரிஞ்சு வச்சிட்டு அந்த குருவி சத்தத்த ஒரு தடவ கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் போர்வைய இழுத்து போத்திக்க மனசு வராது. இதுக்கான காரியம் என்னன்னா, பள்ளிக்கு போறப்ப ஹாரன் அடிக்காம, கேட்ட படார்னு சாத்தாம போங்க. தெருவுல உடம்பு சரியில்லாதவங்க இருப்பாங்க, கைக்கொழந்தக்காரிங்க இருப்பாங்க, பக்கத்து வீட்டு மாற்று மத சகோதரர் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு அப்பதான் படுத்திருப்பாரு. நடையில நடுநிலையா இரு, குரல தாழ்த்திக்கோன்னு லுக்மான் அலைஹிஸ்ஸலாம் மகனுக்கு சொன்ன உபதேசம் குர்ஆன் 31:19ல அப்படியே இருக்கு.

அடுத்து ஒளு, தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவறது. இதுல கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இது ஒரு நாளைக்கு அஞ்சு தடவ நடக்குது, நம்ம ஊர்ல தண்ணிக்கு படுற பாடும் தெரியும். ரசூலுல்லாஹ் ஒரு முத்துங்கற அளவு தண்ணியில ஒளு செஞ்சாங்க, ஒரு ஸாஉ, அதாவது நாலு முத்து முதல் அஞ்சு முத்து வரைக்குமான தண்ணியில குளிச்சாங்கன்னு புகாரிலயும் முஸ்லிம்லயும் இருக்கு. ஒரு முத்துங்கறது சுமார் முக்கால் லிட்டர், ஹனஃபி மத்ஹப் (சட்ட வழி) கணக்குல ஒரு லிட்டர் பக்கம் வரும். இத வச்சு ஒரு சோதனை செய்யுங்க. வீட்டு குழாய்க்கு கீழ ஒரு வாளிய வச்சிட்டு எப்பவும் போல ஒளு செஞ்சு முடிங்க, வாளியில எவ்ளோ விழுந்திருக்குன்னு லிட்டர் பாட்டில்ல அளந்து பாருங்க. அடுத்த வேளைக்கு ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சு அத மட்டும் வச்சு மூணு மூணு தடவ கழுவி முடிங்க. மொதல்ல கைக்கு ஒரு மாதிரி இருக்கும், பழகிட்டா தாராளமா போதும், காலுக்கு வர்றப்பவும் மிச்சம் இருக்கும். குழாயத்தான் திறக்கணும்னா பென்சில் கனத்துக்கு திறங்க, தலைக்கு மஸஹ் செய்யறப்ப (ஈரக்கையால தடவறப்ப) மூடிடுங்க. உங்க மஹல்லா பள்ளியில ஒளு தண்ணி நேரா சாக்கடைக்கு போகுதுன்னா ஜமாஅத் பெரியவங்க கிட்ட ஒரு தடவ பேசிப் பாருங்க, அது பெரிசா அழுக்கு இல்லாத தண்ணி, ஒரு பைப்ப திருப்பி விட்டா பள்ளி வளாகத்துல நாலு தென்னைய வளத்துடலாம், இல்லன்னா ஒரு உறிஞ்சு குழி வெட்டி மண்ணுக்கே திருப்பி குடுத்துடலாம்.

தண்ணிய பத்தி யோசிக்க வாகிஆ சூராவுல 68லருந்து 70 வரைக்கும் உள்ள மூணு ஆயத்து போதும். நீங்க குடிக்கிற தண்ணிய பாத்தீங்களா, மேகத்துலருந்து அத எறக்குனது நீங்களா நாமா, நாம நாடுனா அத உப்புக்கரிக்க வச்சிருப்போம், நன்றி செலுத்த மாட்டீங்களான்னு கேக்குது. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இது விளக்கமே வேணாம், போர் தண்ணி உப்பா மாறி டேங்கர் வாங்கற தெருவுங்க எத்தனையோ இருக்கு. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம் சொந்தக்காரங்க இருந்தா ஒரு தடவ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு படகுல போயிட்டு வாங்க. பாமணி ஆறு, கோரையாறு எல்லாம் வந்து கடல்ல கலக்கற எடம். அங்க இருக்கற மரத்துல பெரும்பாலும் வெண்கண்டல்தான், சேத்துக்குள்ளருந்து விரல் விரலா வேர் மேல நீட்டிகிட்டு நிக்கும், சேத்துல காத்து இல்லாததால மூச்சு வாங்கறதுக்குன்னே வெளிய வர்ற வேர் அது. படகு கரைய ஒட்டி போறப்ப ஒரு இலைய பறிக்காம அப்படியே புடிச்சு வெயிலுக்கு சாச்சு பாருங்க, மேல மினுமினுன்னு பொடிசா ஒட்டியிருக்கும், விரல்ல தொட்டு நாக்குல வச்சா உப்பு. கடல் தண்ணிய உறிஞ்சி, வேண்டாத உப்ப இலை வழியா வெளிய தள்ளிட்டு, அந்த மரம் பச்சையா நிக்குது. உப்புத்தண்ணியில ஒரு மரத்துக்கு இந்த ஏற்பாட்ட செஞ்சு குடுத்தவன் நமக்கு மேகத்துலருந்தே நல்ல தண்ணிய எறக்கறான், நாம அத குழாய திறந்து விட்டுட்டு போன்ல பேசிகிட்டு நிக்கறோம். ஊருக்கு திரும்பி வந்து மொதல் தடவ ஒளுவுக்கு உக்கார்றப்ப அந்த இலை ஞாபகம் வரணும், அதுக்குத்தான் அவ்ளோ தூரம் போக சொல்றேன்.

லுஹருக்கும் அஸருக்கும், அதாவது மதிய தொழுகைக்கும் சாயங்கால தொழுகைக்கும், பார்வை நிழல் மேல. இப்ப எல்லாத்துக்கும் ஆப் இருக்கு, பாங்கு சத்தமும் போன்லயே வந்துடுது, அதனால தொழுகை நேரம் சூரியனோட ஓட்டத்துல கட்டியிருக்குங்கறதே நமக்கு மறந்து போச்சு. மொட்டை மாடியில ஒரு குச்சிய நேரா நட்டு வைங்க. சூரியன் உச்சியிலருந்து சாஞ்சு நிழல் நீள ஆரம்பிச்சா லுஹர் வந்துருச்சு. உச்சி நேரத்துல இருந்த நிழல கழிச்சுட்டு குச்சியோட நீளம் அளவுக்கு நிழல் வந்துட்டா ஷாஃபி மத்ஹப்ல அஸர், ரெண்டு மடங்கு ஆனா ஹனஃபில அஸர். சாக்பீஸ்ல கோடு போட்டு வாரத்துக்கு ஒரு தடவ பாத்துட்டு வாங்க. சென்னையில ஏப்ரல் 24 பக்கமும் ஆகஸ்ட் 18 பக்கமும் உச்சி நேரத்துல குச்சிக்கு நிழலே விழாது, அதிராம்பட்டினம் பக்கம் அது ஏப்ரல் நடுவுலயே வந்துடும், ஜூன் கடைசியில பாத்தா உச்சி நிழல் தெக்கு பக்கமா விழுந்து கெடக்கும். சூரியனும் சந்திரனும் கணக்குப்படி ஓடுதுன்னு அர்ரஹ்மான் சூரா அஞ்சாவது ஆயத்துல ஓதறோம், அந்த கணக்க கண்ணால பாக்கற ஒரே எடம் இந்த சாக்பீஸ் கோடுதான். அதே சூரால 7, 8, 9ல தராசும் வருது, வானத்த உயர்த்தி தராசையும் வச்சான், நீங்க நிறுவையில அநியாயம் செய்யாதீங்கன்னு. வானத்துலருந்து நேரா கடை தராசுக்கு எப்படி எறங்கி வருது பாருங்க. வியாபாரம் செய்யறவங்க லுஹர் தொழுதுட்டு கடைக்கு வந்ததும் ஒரு தடவ தராச சரி பாத்துடுங்க, சம்பளத்துக்கு வேல செய்யறவங்க ஆபீஸ் நேரத்துல சொந்த வேல எவ்ளோ பாக்கறோம்னு யோசிங்க.

சாப்பாடு. மனுஷன் தன்னோட உணவ பாக்கட்டும்னு அபஸ சூரா 24 சொல்லுது, அதுக்கப்புறம் மழை, பூமி பொளந்து மொளைக்கறது, தானியம், திராட்சை, ஜைத்தூன், பேரீச்சைன்னு வரிசையா போகும். தட்டுல சோறு விழுந்ததும் அத பின்னோக்கி ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. மேட்டூர் அணைய ஜூன் 12 திறக்கறது வழக்கம், அந்த தண்ணி எத்தனையோ மதகு தாண்டி கடைமடைக்கு வந்து சேரணும், நாத்து நட்ட பொம்பளைங்க முதுக வளைச்சு நின்னிருப்பாங்க, அவங்க பெரும்பாலும் நம்ம மார்க்கத்துக்காரங்க கூட இல்ல, அவங்க கை பட்டுத்தான் நம்ம பிஸ்மில்லாஹ் சொல்ற சோறு வந்திருக்கு. ரசூலுல்லாஹ் எந்த உணவையும் கொற சொன்னதே இல்ல, புடிச்சா சாப்பிடுவாங்க, புடிக்கலன்னா விட்டுடுவாங்கன்னு புகாரில வருது. வீட்டுல இத ஒரு வாரம் கடைபிடிச்சா போதும், உப்பு கம்மின்னு மனைவி கிட்ட எரிஞ்சு விழற பழக்கம் போயிடும். கல்யாண வீட்டு சஹன் (பெரிய தட்டு) விஷயத்தையும் சொல்லணும். ஒரே சஹன்ல நாலு பேரு உக்காந்து சாப்பிடறது நம்ம கடற்கரை ஊருங்களோட அழகான வழக்கம், ஆனா மரியாதைன்னு சொல்லி மேல மேல போட்டு, பாதி சஹன் பிரியாணி அப்படியே எந்திரிச்சு போறத பாத்தா மனசு பதறுது. உண்ணுங்க, பருகுங்க, வீண் விரயம் செய்யாதீங்கன்னு 7:31 இருக்கறப்ப அத வலீமா விருந்துலயே மீறினா பரக்கத்த எங்க போய் தேடறது? உங்க வீட்டு விசேஷத்துல கம்மியா வச்சு கேட்டா போடற மாதிரி பரிமாற சொல்லுங்க, மிச்சம் வந்தா அன்னிக்கே பொட்டலம் கட்டி குடுக்க ரெண்டு பசங்கள மொதல்லயே நியமிச்சுடுங்க.

உயிருங்க விஷயத்துல ஆயத்துக்கு பஞ்சமே இல்ல. பூமியில நடக்கற பிராணியும் றெக்கையால பறக்கற பறவையும் உங்கள போல சமுதாயங்கதான்னு 6:38 சொல்லுது. நம்ல் சூராவுல ஒரு எறும்பு, சுலைமான் நபியோட படை தெரியாம மிதிச்சுடப் போகுது, எல்லாரும் புத்துக்குள்ள போயிடுங்கன்னு மத்த எறும்புங்கள எச்சரிக்கும், அவ்ளோ பெரிய ராஜா அத கேட்டு சிரிச்சுட்டு, அல்லாஹ் குடுத்த நிஃமத்துக்கு (அருளுக்கு) நன்றி செலுத்த துஆ கேட்டாங்க. எறும்பு சொன்னதுல எனக்கு ரொம்ப புடிச்சது, அவங்க தெரியாமதான் மிதிப்பாங்கன்னு படைக்காரங்க மேல நல்லெண்ணம் வச்சு பேசினது, நாம கூடப்பொறந்தவங்க மேல கூட அவ்ளோ வைக்கறதில்ல. தாகத்துல மண்ண நக்கிட்டு இருந்த நாய்க்கு தன்னோட காலணியில தண்ணி மொண்டு குடுத்தவருக்கு பாவம் மன்னிக்கப்பட்டதும், பூனைய அடைச்சு வச்சு பட்டினி போட்ட பொம்பளைக்கு தண்டனை கெடச்சதும் எல்லாருக்கும் தெரிஞ்ச ஹதீஸ்தான், தெரிஞ்சும் தெருநாய் மேல கல்ல விட்டெறியற பையன நம்ம யாரும் தடுக்கறதில்ல.

கோடைக்கு மாடியில ஒரு அகலமான மண் சட்டியில தண்ணி வைங்க. நிழல்ல வைங்க, ரொம்ப ஆழமா வேணாம், உள்ள ஒரு கல்லு போட்டு வைங்க, தேனீ, அணில் குஞ்சு தவறி விழுந்தா ஏறி வர்றதுக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கவுத்து தேச்சு கழுவி புதுத்தண்ணி ஊத்துங்க, விட்டுட்டீங்கன்னா ஒரு வாரம் பத்து நாள்ல டெங்கு கொசு வந்துடும், நன்ம செய்யப்போய் பக்கத்து வீட்டு புள்ளைக்கு காய்ச்சல் வரவச்ச பாவத்துக்கு ஆளாகக் கூடாது. தேனீ வந்து கல்லோட ஓரத்துல உக்காந்து தண்ணி குடிக்கறப்ப கிட்ட போய் பாருங்க, வயிறு மட்டும் சுருங்கி விரிஞ்சுகிட்டே இருக்கும், அந்நஹ்ல் சூரா 68, 69 அத பத்தித்தான். பக்ரீத் குர்பானிக்கும் இதே அக்கறை வேணும், கத்திய நல்லா தீட்டுங்க, பிராணிக்கு வேதனைய கொறைங்கன்னு முஸ்லிம்ல ஹதீஸ் இருக்கு, ஒரு ஆடு பாக்க இன்னொன்ன அறுக்கறது, வெயில்ல தண்ணி இல்லாம கட்டிப் போடறது இதெல்லாம் ஜமாஅத்தா சேந்து நிறுத்த வேண்டிய விஷயம்.

மழை வந்தா ஓடி ஒளியாதீங்க. அல்லாஹும்ம ஸய்யிபன் நாஃபிஆ, பலன் தர்ற மழையா ஆக்குன்னு கேக்கறது சுன்னத். ரசூலுல்லாஹ் மழையில தன்னோட ஆடைய கொஞ்சம் வெலக்கி மேனியில பட வச்சாங்க, கேட்டதுக்கு, இது இப்பதான் தன் ரப்பு கிட்டருந்து வந்திருக்குன்னு சொன்னாங்க, முஸ்லிம்ல இருக்கு. எங்க உம்மம்மா ஐப்பசி மொத மழைக்கு முற்றத்துல எறங்கி கைய நீட்டி புடிச்சு முகத்துல தடவிக்குவாங்க, அவங்களுக்கு இந்த ஹதீஸ் கிதாபுல எங்க இருக்குன்னு தெரியாது, அவங்க உம்மா செஞ்சத பாத்து செஞ்சாங்க.

அதே மழை புயலா வந்தா என்ன யோசிக்கறது? இங்கதான் நாக்க ரொம்ப கவனிக்கணும். 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தப்ப பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் சுத்துவட்டாரத்துல தென்னந்தோப்பு தோப்பா சாஞ்சுது, ஒரு தலைமுறை சம்பாத்தியம் ஒரே ராத்திரியில போச்சு. அந்த நேரத்துல, அந்த ஊர்க்காரங்க செஞ்ச பாவம்னு பேசறது ரொம்ப பெரிய தப்பு. ரசூலுல்லாஹ்வோட மகன் இப்ராஹீம் மௌத்தான (இறந்த) அன்னிக்கு சூரிய கிரகணம் வந்துச்சு, ஜனங்க அதுக்காகத்தான் வந்துச்சுன்னு பேசினாங்க, ஆனா ரசூலுல்லாஹ், சூரியனும் சந்திரனும் யாரோட மௌத்துக்காகவும் யாரோட பொறப்புக்காகவும் கிரகணம் புடிக்கறதில்ல, அது அல்லாஹ்வோட அத்தாட்சிங்கன்னு சொல்லி, தொழவும் சொன்னாங்க. சொந்த புள்ளைய பறிகொடுத்த துக்கத்துலயும் அந்த தவறான பேச்ச ஓட விடல. அதனால அடுத்தவன் கஷ்டத்துக்கு காரணம் சொல்ற வேலைய விட்டுட்டு, நம்ம கையால செஞ்ச கேட்ட மட்டும் யோசிங்க, ஏரிய தூத்து பிளாட் போட்டது, வாய்க்கால்ல குப்பைய கொட்டுனது. தரையிலயும் கடல்லயும் மனுஷங்களோட கைங்க சம்பாதிச்சதால சீர்கேடு வெளிப்பட்டிருச்சுன்னு 30:41ல இருக்கு. காரியம்னு கேட்டா ஒரு மரக்கன்ன நடறதுதான். கியாமத் நாளே (உலகம் அழியற நாளே) வந்தாலும் கையில கன்னு இருந்தா நட்டுடுன்னு ஹதீஸ் இருக்கு, ஒரு முஸ்லிம் நட்ட மரத்துலருந்து மனுஷனோ பறவையோ பிராணியோ சாப்பிட்டா அது ஸதகா, தர்மம்னும் இருக்கு. எடம் இல்லாத பிளாட்வாசிங்க ஒரு கறிவேப்பிலையோ முருங்கையோ பள்ளி வளாகத்துலயோ மையவாடி (அடக்கம் செய்யற எடம்) ஓரத்துலயோ வச்சு, மொத ரெண்டு கோடைக்கு தண்ணி ஊத்த ஆள் ஏற்பாடு பண்ணுங்க. நடறத விட ஊத்தறதுதான் கஷ்டம்.

மஃரிப், இஷாவுக்கு, அதாவது அந்தி தொழுகைக்கும் ராத்திரி தொழுகைக்கும், பிறை. தலைப்பிறை சர்ச்ச மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவ சூடா பேசறோம், மத்த மாசத்துல யாரும் அண்ணாந்து பாக்கறதில்ல. ஒரு மாசம் பிறைய தொடர்ந்து பாருங்க, ஒவ்வொரு நாளும் சராசரியா அம்பது நிமிஷம் தள்ளித்தான் மறையும். பிறை 13, 14, 15 வந்தா நோன்பு வைங்க, அய்யாமுல் பீழ்னு சொல்ற இந்த மூணு நாள் நோன்ப காலண்டர் இல்லாம வானத்த பாத்து வைக்கறது தனி ருசி.

இடையில ஒரு எச்சரிக்கை. மேகத்துல அல்லாஹ் பேரு, மரத்துல கலிமா, மீன் மேல எழுத்துன்னு வாட்ஸப்ல வர்றத ஃபார்வர்ட் பண்ணாதீங்க, செய்தி வந்தா விசாரிங்கன்னு 49:6 சொல்லுது, பாதி போட்டோ கம்ப்யூட்டர்ல செஞ்சது. புதுசா வர்ற ஒவ்வொரு விஞ்ஞான செய்தியையும் ஆயத்தோட ஒட்ட வைக்கவும் அவசரப்படாதீங்க, விஞ்ஞானம் நாளைக்கு மாத்தி சொல்லும், ஆயத்து மாறாது. சந்தேகம் வந்தா ஒரு நல்ல ஆலிம் கிட்ட போய் கேளுங்க.

புள்ளைங்கள இதுல இழுக்க ஒரு நல்ல நாள் சொல்றேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில வரும். மே 27, 28ல நம்ம நேரத்துக்கு மதியம் 2:48, ஜூலை 15, 16ல 2:57. அந்த நிமிஷத்துல மாடியில நேரா நட்ட குச்சியோட நிழல் எந்தப்பக்கம் விழுதோ அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா (தொழுகைக்கு திரும்பி நிக்கற தெசை), காம்பஸ் கூட வேணாம். சூரியன நேரா பாக்க விடாம நிழல மட்டும் பாக்க சொல்லுங்க. கொஞ்சம் முன்னாடியே ஏறிடுங்க, குச்சி சாயாம இருக்க ஒரு நூல்ல கல்ல கட்டி தொங்க விட்டு சரி பாருங்க, நேரம் வந்ததும் சாக்பீஸ்ல கோடு போட சொல்லுங்க, அப்புறம் அத கீழ தொழுகை விரிப்பு போடற எடத்தோட ஒப்பிட்டு பாருங்க. ஜூலையில மேகம் மறைக்க வாய்ப்பு இருக்கு, அதனால மே மாசத்துக்கே போன்ல அலாரம் போட்டு வைங்க, பக்கத்து வீட்டு புள்ளைங்களுக்கும் சேத்து சாக்பீஸ் வாங்கி வைங்க.